தேசிக்காய் க்ரொஸ்தாத்தா: அடி வேகவும் கிரீம் நிற்கவும்

கேள்வி இதுதான்: "அக்கா, வருகிற ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு எட்டுப் பேர் வருகிறார்கள். பெரிய விருந்து இல்லை, இருந்து கதைத்துத் தேநீர் குடிக்கிற அளவுதான். இத்தாலியர் செய்கிற மாதிரி ஒரு தேசிக்காய் டார்ட் செய்ய ஆசை. இரண்டு தரம் செய்து பார்த்தேன். முதல் தரம் அடி வேகாமல் மாவாகவே இருந்தது. இரண்டாம் தரம் கிரீம் இரவு நல்ல கெட்டியாக இருந்தது, அடுத்த நாள் வெட்டினால் ஓடியது. மாமி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு முட்டை வெடுக்கு அடிக்கிறது என்றார். எங்கே பிழை விடுகிறேன்?"

தங்கச்சி, மூன்று பிழையும் மூன்று வேறு இடத்தில் நடக்கின்றன. ஆனால் மூன்றுக்கும் பின்னால் ஒரே அவசரம்தான் இருக்கிறது. மா குளிரவில்லை, கிரீம் முழுதாகக் கொதிக்கவில்லை, கொதித்தது ஆறவில்லை. நீங்கள் ஞாயிறு விடியவே எழும்பி இதைச் செய்யத் தொடங்கினால் மறுபடியும் அப்படித்தான் ஆகும். இது முதல் நாளே செய்து முடிக்க வேண்டிய பலகாரம். சனிக்கிழமை பின்னேரம் செய்து வைத்தால் ஞாயிறு அன்று சுவையும் கூடியிருக்கும், நீங்களும் வந்தவர்களோடு இருந்து கதைக்கலாம்.

நான் இத்தாலியில், சிசிலித் தீவில் இருக்கிற பலெர்மோ நகரத்துக்கு வந்து 22 வருடம். எங்கள் ஆட்கள் பலரைப் போல வீட்டு வேலைக்குத்தான் வந்தேன். முதல் 9 வருடம் ஒரு வயதான அம்மாவின் வீட்டில் வேலை செய்தேன், க்ரொஸ்தாத்தா என்கிற இந்த டார்ட்டைப் பழகியது அவருடைய சமையலறையில்தான். அவர் ஒருநாளும் அளவு எழுதித் தந்ததில்லை. நான்தான் அவர் கை அள்ளுவதைத் தராசில் போட்டுப் பார்த்துக் கொப்பியில் குறித்தேன். கீழே தரும் அளவுகள் அப்படி வந்தவை, அதற்குப் பிறகு என் வீட்டில் எத்தனையோ தரம் செய்து திருத்தியவை.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் பார்த்துச் செய்த குறிப்பு இத்தாலியக் குறிப்புத்தானா என்று எனக்குச் சந்தேகம். இத்தாலிய மொழியில் க்ரொஸ்தா என்றால் பொருக்கு. பொருக்கு உள்ளது க்ரொஸ்தாத்தா. பிரெஞ்சுக்காரர் செய்கிற எலுமிச்சை டார்ட் மெல்லிய ஓடு, உள்ளே பளபளவென்று முட்டையும் பட்டரும் சேர்ந்த புளிப்புக் கிரீம். அது கடையில் வாங்கிப் பெட்டியில் கொண்டுவருகிற நளினம். க்ரொஸ்தாத்தா வீட்டுப் பலகாரம். மா கொஞ்சம் தடிப்பு, மேலே கையால் வெட்டிய கீற்றுகளைப் பின்னி வைப்பார்கள், கீற்று கோணினாலும் ஒருவரும் கணக்கெடுப்பதில்லை. உள்ளே அதிகமாக வைப்பது பழ ஜாம். எலுமிச்சை என்றால் பாலில் காய்ச்சிய கிரீம். இந்த மாவுக்கு பாஸ்தா ஃப்ரொல்லா என்று பெயர், ஃப்ரொல்லா என்றால் பொலபொலவென்று உதிர்வது. வீட்டுக்கு வீடு அளவு மாறும். 1891இல் பெல்லெக்ரீனோ ஆர்த்தூசி வெளியிட்ட சமையல் நூலிலேயே இந்த ஒரு மாவுக்கு மூன்று அளவுகள் கொடுத்திருக்கிறார். ஆகவே "இதுதான் சரியான அளவு" என்று யாராவது அடித்துச் சொன்னால் கவலைப்படாதீர்கள்.

தேசிக்காயைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், முழுப் பலகாரமும் அதில்தான் நிற்கிறது. அந்த அம்மா சந்தையில் எலுமிச்சை வாங்கும்போது அமத்திப் பார்க்க மாட்டார், தூக்கிப் பார்க்க மாட்டார். பெருவிரல் நகத்தால் தோலில் ஒரு சின்னக் கீறல் போட்டு என் மூக்குக்குக் கிட்டப் பிடிப்பார். நல்ல பழம் என்றால் கீறிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத தூறல் ஒன்று தெறிக்கும், விரல் பிசுபிசுக்கும், அந்த மணம் வீடு போய்ச் சேரும் வரை கையில் இருக்கும். "மணம் இங்கே, உள்ளே புளிப்பு மட்டும்தான்" என்பார். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். எலுமிச்சையின் வாசனை எண்ணெய் மஞ்சள் தோலில் இருக்கிற சின்னச் சின்னப் பைகளில் இருக்கிறது. சாற்றில் இருப்பது பெரும்பாலும் சித்திரிக் அமிலமும் தண்ணீரும். கிரீமில் எலுமிச்சை போதவில்லை என்று சாற்றைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது வாய் கூசுகிற புளிப்பு, மணம் வராது. தோலுக்கும் சுளைக்கும் நடுவில் இருக்கிற வெள்ளைப் பகுதி கசக்கும். ஆகவே துருவும்போது ஒரே இடத்தில் இரண்டு தரம் இழுக்கக் கூடாது. மஞ்சள் போனதும் பழத்தைத் திருப்புங்கள்.

அந்த எண்ணெய் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால்தான் தோலைப் பாலிலும் பட்டரிலும் போடுகிறோம், சாற்றை வேறாக வைத்திருந்து கடைசியில் சேர்க்கிறோம். துருவிய தோலைச் சீனியோடு சேர்த்து விரல் நுனியால் ஒரு நிமிடம் தேய்த்துப் பாருங்கள். சீனி ஈரமணல் மாதிரி ஆகி இளமஞ்சளாக மாறும், சமையலறை முழுக்க மணக்கும். இதற்காகும் நேரம் ஒரு நிமிடம், கிடைக்கும் வித்தியாசம் பெரிது.

தோலைச் சாப்பிடப் போவதால் பழத்தின் மேல் என்ன பூசியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இத்தாலியில் அறுவடைக்குப் பிறகு மருந்து பூசிய பழங்களுக்கு "தோல் உண்ணத் தகாதது" என்று எழுதியிருக்கும். அப்படி எழுதியிருந்தால் இதற்கு வேண்டாம். வெறும் மெழுகு என்றால் கை பொறுக்கிற சுடுதண்ணீரில் தேய்த்துக் கழுவித் துடைத்தால் போதும்.

சிசிலியில் ஒரே எலுமிச்சை மரம் வருடத்தில் பல தரம் பூக்கும், ஒவ்வொரு பூப்புக்கும் வருகிற காய்க்கு வேறு பெயர். சிராகூசாப் பக்கத்தில் இலையுதிர் காலத்தில் தொடங்கிக் குளிர்காலம் முழுக்க வருவது பிரிமோஃபியோரே, அதாவது முதல் பூ. வசந்தத்தில் வருவது வெளிறிய மஞ்சளில் பியாங்கெத்தோ. கோடையில் வருவது பச்சை நிறமான வெர்தெல்லோ. இந்தக் கோடைக் காய் தானாகக் காய்ப்பதில்லை. ஜூன், ஜூலை வெயிலில் தோட்டக்காரர் மரத்துக்குத் தண்ணீரை நிறுத்தி இலை வாடும் வரை விடுவார்கள். பிறகு ஒரேயடியாகத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். தாகத்தில் இருந்த மரம் அப்போது பொலபொலவென்று பூக்கும், அடுத்த கோடையில் காய் கிடைக்கும். சிசிலிக்கு வெளியே, தெற்கு இத்தாலியின் அமால்ஃபிக் கடற்கரையில் வேறு கதை. மலைச்சரிவில் கல் அடுக்கிக் கட்டிய படிகள், கஷ்கொட்டை மரக் கம்புகளால் பந்தல், அதில் நீண்டு கூம்பிய ஸ்ஃபுசாத்தோ என்ற எலுமிச்சை. தடித்த தோல், அளவான புளிப்பு. க்ரொஸ்தாத்தாவுக்கு எனக்குக் கிடைத்ததில் அதுதான் நல்லது.

உங்களுக்கு இவை கிடைக்காது, கிடைக்கவும் தேவையில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இவர்கள் லிமோனே என்பதும் நாங்கள் தேசிக்காய் என்பதும் இரண்டு வேறு பழம். இந்தியாவில் எலுமிச்சை என்று சந்தையில் விற்பதும் பெரும்பாலும் எங்கள் சின்னத் தேசிக்காய்தான். அதன் தோல் மெல்லியது, பச்சையாக இருக்கும்போது சீக்கிரம் கசக்கும். கடையில் 'லெமன்' என்று மஞ்சளாக, இரண்டு முனையும் கூம்பிப் பெரிதாக வருவது கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நன்றாகப் பழுத்து மஞ்சளான தேசிக்காயாக எடுத்து, தோலை மிக மெல்லிதாகத் துருவி, அதோடு ஒரு தோடம்பழத்தின் தோலையும் சேருங்கள். தோடம்பழம் கசப்பை மறைத்து வாசனையைக் கூட்டும். தோடம்பழத்துக்கு இத்தாலியர் சொல்கிற அரான்ச்சா அரபுக்காரரின் நாரஞ்ச் என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கு முன்னால் பாரசீகம், அதற்கும் முன்னால் சமஸ்கிருத நாரங்கம். அதன் வேர் திராவிடம் என்று சொல்லாராய்ச்சி செய்பவர்கள் பலர் சொல்கிறார்கள், எங்கள் நாரத்தையோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். இங்கே சந்தையில் தோடம்பழம் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஊறுகாய்ச் சாடிதான் நினைவுக்கு வரும்.

சரி, மாவுக்கு வருவோம். 24 சென்றிமீற்றர் தட்டு ஒன்றுக்கு, எட்டிலிருந்து பத்துப் பேருக்கு: கோதுமை மா 300 கிராம் (இந்தியாவில் மைதா), குளிர்ந்த பட்டர் 150 கிராம், அரைத்த சீனி 110 கிராம், ஒரு முழு முட்டை, ஒரு மஞ்சட்கரு, ஒரு எலுமிச்சையின் துருவிய தோல், ஒரு சிட்டிகை உப்பு. இங்கே பழைய ஆட்கள் பட்டருக்குப் பதில் பன்றிக் கொழுப்புப் போடுவார்கள். அதில் மா இன்னும் உதிரும், ஆனால் பட்டரின் வாசனை வராது. நான் பட்டர்தான்.

மாவில் உப்பையும் சீனியையும் தோலையும் கலந்து, பட்டரைச் சின்னத் துண்டாக வெட்டிப் போட்டு, விரல் நுனியால் மட்டும் தேயுங்கள். உள்ளங்கை சூடு, படக் கூடாது. புட்டுக்கு மா உதிர்க்கிற அதே கைப்பழக்கம்தான். கட்டி ஒன்றும் தெரியாமல் ஈர மணல் போல ஆன பிறகுதான் முட்டை. இந்த ஒழுங்குக்கு ஒரு காரணம் உண்டு. பட்டர் ஒவ்வொரு மாத் துணிக்கையையும் முதலில் மூடிக்கொண்டால், பிறகு வருகிற முட்டையின் ஈரம் மாவை முழுதாகப் பிடிக்காது, ரொட்டி மா போல இழுவை வராது. இழுவை வந்தால் ஓவனில் ஓரம் சுருங்கிக் கீழே இறங்கும், சாப்பிடும்போது கடினமாக இருக்கும். முட்டை சேர்த்த பிறகு ஒன்றாகத் திரளும் வரைதான் கை வைக்க வேண்டும். ரொட்டிக்குக் குழைப்பது போலக் குழைக்காதீர்கள். திரளையைத் தட்டையாக அமத்தி, மூடி, ஃபிரிட்ஜில் ஆகக் குறைந்தது ஒரு மணித்தியாலம் வையுங்கள். வெள்ளிக்கிழமை இரவே செய்து வைத்தால் இன்னும் நல்லது.

உங்கள் ஊர்ச் சூட்டில் பட்டர் கையிலேயே உருகும், அது எனக்குத் தெரியும். இங்கேயும் ஆப்பிரிக்காவிலிருந்து சூடான ஷிரோக்கோ காற்று அடிக்கிற நாளில் அப்படித்தான். மாவையும் சேர்த்தே அரை மணித்தியாலம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். இடையில் மா எண்ணெய்ப் பளபளப்பாகத் தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி மறுபடி உள்ளே வையுங்கள். உருட்டும்போது மேலும் கீழும் பேக்கிங் தாள் போட்டு நடுவில் வைத்து உருட்டினால் மா தூவவும் வேண்டாம், ஒட்டவும் ஒட்டாது.

இப்போது கிரீம். உங்கள் இரண்டாவது பிழையும் மாமியின் முறைப்பாடும் இங்கேதான் இருக்கின்றன. பால் 400 மில்லிலீற்றர், மஞ்சட்கரு 4, சீனி 150 கிராம், கார்ன்ஃபிளார் 45 கிராம், இரண்டு எலுமிச்சையின் தோல், 100 மில்லிலீற்றர் சாறு, பட்டர் 30 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. சாறு இரண்டு பெரிய லெமனில் வந்துவிடும். எங்கள் தேசிக்காய் என்றால் ஐந்தாறு பிழிய வேண்டும், அதற்குப் புளிப்பும் குத்தும், 80 மில்லிலீற்றரோடு நிறுத்திச் சுவை பாருங்கள். சாறு குறைகிற அளவுக்குப் பால் கூட்டுங்கள்.

ஒரு எலுமிச்சையின் தோலைத் துருவாமல் அகலமான சீவல்களாக எடுத்துப் பாலில் போட்டுச் சூடாக்குங்கள். ஓரத்தில் ஆவி வந்ததும் இறக்கி, மூடி, 20 நிமிடம் விடுங்கள். மற்றப் பழத்தின் தோலைத் துருவிச் சீனியோடு தேயுங்கள். அந்தச் சீனியில் மஞ்சட்கருவையும் உப்பையும் போட்டு அடித்து, கார்ன்ஃபிளாரையும் சேர்த்துக் கட்டியில்லாமல் கலக்குங்கள். பாலிலிருந்து சீவல்களை எடுத்துவிட்டு, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக முட்டைக் கலவையில் ஊற்றுங்கள், மறு கை கிளறிக்கொண்டே இருக்கட்டும். எல்லாவற்றையும் அடி தடித்த சட்டிக்கு மாற்றி நடு நெருப்பில் வையுங்கள்.

கொஞ்ச நேரத்தில் கிரீம் தடிக்கும். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் பயந்து இறக்குகிறார்கள். முட்டை திரைந்துவிடுமோ என்ற பயம். நீங்களும் அப்படித்தான் இறக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தடித்தது போதாது, கொதிக்க வேண்டும். முட்டை மஞ்சட்கருவில் மாச்சத்தை வெட்டுகிற அமிலேஸ் என்ற நொதியம் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது செயலிழக்கும். அரைகுறைச் சூட்டில் இறக்கிய கிரீம் அந்த நேரத்தில் அழகாகக் கெட்டியாக இருக்கும். ஆனால் இரவு முழுக்க அந்த நொதியம் மாச்சத்தை வெட்டிக்கொண்டே இருக்கும், விடியும்போது கிரீம் தண்ணீராகியிருக்கும். இரவு நின்ற கிரீம் அடுத்த நாள் ஓடியது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் எனக்கு இதுதான் பட்டது. ஆகவே களி கொதிக்கிற மாதிரி நடுவில் பெரிய குமிழி 'ப்ளக்' என்று வெடிக்கத் தொடங்கிய பிறகும் ஒரு முழு நிமிடம் விடாமல் கிளறுங்கள். கார்ன்ஃபிளார் இருக்கிறபடியால் மஞ்சட்கரு திரையாது.

அந்த ஒரு நிமிடம் ஆன பிறகு சாறு. மூன்று தரமாக ஊற்றிக் கிளறுங்கள், மறுபடி ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். சாற்றை முதலிலேயே ஊற்றினால் இரண்டு கேடு: பால் திரையக்கூடும், புளிப்போடு சேர்ந்து நெடுநேரம் கொதிக்கிற மாச்சத்தும் தன் பிடிப்பை இழக்கும். இறக்கிய பிறகு பட்டரைப் போட்டுக் கலக்குங்கள். அகலத் தட்டு ஒன்றில் பரப்பி, பேக்கிங் தாளையோ ஒட்டும் பிளாஸ்டிக் தாளையோ கிரீமிலேயே படும்படி மூடுங்கள். இல்லாவிட்டால் பாலாடை போல ஒரு தோல் படியும், பிறகு கட்டி கட்டியாக வரும்.

வெடுக்குக்கு வருகிறேன். மாமி சொன்னது சரியாக இருக்கலாம், கோபிக்காதீர்கள். பிணைக்க வேண்டும் என்று முழு முட்டை போட்டிருந்தால் அது வரும். அவித்த முட்டையில் வருகிற அந்தக் கந்தக வாடை பெரும்பாலும் வெள்ளைக்கருவிலிருந்து வருவது. மஞ்சட்கரு மட்டும் போட்டு, தோலைப் பாலில் ஊறவைத்துச் செய்தால் வெடுக்கு வராது. மஞ்சட்கருவை வெள்ளையிலிருந்து கையிலேயே பிரியுங்கள், விரலிடுக்கில் வெள்ளை வழிந்து போகட்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்ணிறச் சவ்வைக் கிரீமில் விழாமல் எடுத்துவிடுங்கள். வனிலாவை அள்ளி ஊற்றி மறைக்கத் தேவையில்லை. எலுமிச்சை வாசனைக்கு வனிலா குறுக்கே நிற்கும் என்பது என் எண்ணம்.

அடி வேகாததற்கு நாலைந்து காரணம் இருக்கலாம், உங்களிடம் எது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். கண்ணாடித் தட்டும் பீங்கான் தட்டும் சூட்டை மெதுவாக வாங்கும். மெல்லிய உலோகத் தட்டு, அடி கழற்றக்கூடியது என்றால் மிக நல்லது. கிரீமைச் சூடாக ஊற்றினால் ஓவனுக்குள் போகும் முன்பே பட்டர் உருகி அடி பசையாகிவிடும். ஓவன் சூடாகும் முன் வைத்தாலும் அப்படித்தான். நடுத்தட்டில் வைத்தால் மேல் சிவந்துவிடும், அதைப் பார்த்து நாங்கள் வெளியே எடுத்துவிடுவோம், அடி அரைவேக்காடாகவே இருக்கும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மாவில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்து நாலு மில்லிமீற்றர் தடிப்பில் உருட்டி, பட்டர் பூசி மாத் தூவிய தட்டில் விரித்து, மூலையை விரலால் மெல்ல அமத்தி, ஓரத்தை வெட்டி, முள்ளுக்கரண்டியால் அடி முழுக்கக் குத்துங்கள். மேலே இரண்டு மூன்று பிஸ்கட்டைப் பொடித்துத் தூவுங்கள், கிரீமின் ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். இத்தாலியர் இதற்கு அமரெத்தி என்ற வாதுமைப் பிஸ்கட் போடுவார்கள், உங்களுக்குச் சாதாரண மரி பிஸ்கட்டே போதும். முழுதாக ஆறிய கிரீமை அதற்கு மேல் பரப்புங்கள். மீதி மாவை ஒரு விரல் அகலக் கீற்றுகளாக வெட்டிச் சாய்வாக வைத்து, அதற்குக் குறுக்கே மறுவரிசை வையுங்கள், சதுரம் தெரியாமல் சாய்சதுரம் தெரிய வேண்டும். ஒன்றின் கீழ் ஒன்று நுழைத்துப் பின்னிக்கொண்டிருந்தால் மா இளகிவிடும், வெறுமனே மேலே வைத்தால் போதும். இதையெல்லாம் முடித்து ஃபிரிட்ஜில் 20 நிமிடம். அதற்குள் ஓவன் 175 பாகையில் நன்றாகச் சூடாகட்டும். ஆகக் கீழ்த்தட்டில் 40 முதல் 45 நிமிடம். சின்ன மேசை ஓவன் என்றால் மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் இரண்டும் எரியட்டும், மேல் சீக்கிரம் சிவந்தால் ஒரு அலுமினியத் தாளை மேலே போடுங்கள். ஓரம் தட்டிலிருந்து ஒரு நூல் இடைவெளி விலகி, கீற்று பொன்னிறமாகி, வீட்டில் பட்டரும் எலுமிச்சையும் சேர்ந்து மணத்தால் எடுக்கலாம். கிரீம் நடுவில் கொஞ்சம் தளதளவென்றுதான் இருக்கும், ஆற ஆற இறுகும்.

அப்புறம், தொடாதீர்கள். சூட்டில் இந்த மா சீமெந்து காயாத சுவர் மாதிரி, எடுத்தால் உடையும். தட்டிலேயே இரண்டு மணித்தியாலம் ஆறட்டும். பிறகு மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். முட்டையும் பாலும் உள்ள பொருள், ஊர் வெக்கையில் இரவு முழுக்க மேசையில் இருக்கக் கூடாது. ஞாயிறு பரிமாற அரை மணித்தியாலம் முன் வெளியே எடுத்தால் போதும், குளிர் போனால்தான் மணம் எழும்பும். அரைத்த சீனியை அரிதட்டில் போட்டு, வெட்டுவதற்குச் சற்று முன் தூவுங்கள். முன்பே தூவினால் ஈரத்தில் கரைந்து மறைந்துவிடும். கிரீம் பூவும் வேண்டாம், பழ அலங்காரமும் வேண்டாம். முழுதாக மேசை நடுவில் வைத்து ஆட்கள் பார்க்க வெட்டுங்கள். இங்கே விருந்துச் சாப்பாடு முடிந்து கோப்பி வரும் முன் அப்படித்தான் வைப்பார்கள். யாராவது ஒருவர் கத்தியை வாங்கித் தானே வெட்டத் தொடங்குவார், கதை நீளும்.

வருகிறவர்களில் முட்டை சாப்பிடாதவர்கள் இருந்தால் பலெர்மோவிலேயே ஒரு வழி இருக்கிறது, எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஜெலோ என்பது பாலும் முட்டையும் ஜெலற்றினும் இல்லாமல், தண்ணீரையும் மாச்சத்தையும் மட்டும் வைத்து இறுக்குகிற சிசிலிப் பலகாரம். ஜூலை 14, 15இல் நகரத்துக் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் திருவிழா வரும்போது வத்தகப்பழச் சாற்றில் செய்கிற ஜெலோ வீட்டுக்கு வீடு இருக்கும், அதை க்ரொஸ்தாத்தா ஓட்டுக்குள் ஊற்றுவதும் வழக்கம். அந்தப் புனிதையின் குகைக்கோயில் இருக்கிற மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு எங்கள் சைவ ஆட்களும் நேர்த்தி வைத்து நடந்து ஏறுவார்கள். எலுமிச்சை ஜெலோவுக்கு 500 மில்லிலீற்றர் தண்ணீரில் மூன்று எலுமிச்சையின் தோல் சீவலை இரவு முழுக்க ஊறவிட்டு வடியுங்கள். அதில் 170 கிராம் சீனியும் 55 கிராம் கார்ன்ஃபிளாரும் கரைத்துக் கிளறிக் கொதிக்க வைத்து, கடைசியில் 100 மில்லிலீற்றர் சாறு ஊற்றி இன்னொரு கொதி. இதற்கு ஓட்டைத் தனியாகச் சுட வேண்டும்: அதே மாவில் முட்டைக்குப் பதில் மூன்று நாலு மேசைக்கரண்டி குளிர்ந்த பால், தட்டில் விரித்து, தாள் போட்டு, கடலையோ அரிசியோ பாரத்துக்குப் பரப்பி 20 நிமிடம், பாரத்தை எடுத்துவிட்டு இன்னும் 10 நிமிடம். ஆறிய ஓட்டில் கொஞ்சம் ஆறிய ஜெலோவை ஊற்றி ஃபிரிட்ஜில் இறுக விடுங்கள். வெட்டினால் கண்ணாடி போல நடுங்கும். வெயில் நாளில் பால் கிரீமை விட இதுவே சுகம்.

பழத்தை மாற்றவும் தாராளமாக மாற்றலாம். பலெர்மோவுக்குப் பக்கத்தில் சாக்கூல்லியில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை பழுக்கிற பிந்திய மாந்தரினோ என்ற சின்னத் தோடை வகை ஒன்று உண்டு, தோல் மெல்லியது, தேன் போல இனிப்பு. அதன் சாறு போட்டால் சீனியை 110 கிராமுக்குக் குறைத்து, அரை எலுமிச்சைச் சாறும் சேர்ப்பேன். புளிப்பு இல்லாமல் இந்தக் கிரீம் மந்தமாகிவிடும். எத்னா மலைச்சரிவில் விளைகிற சிவப்புத் தோடம்பழமும் போடலாம் என்பார்கள். குளிர்ந்த இரவுகளில்தான் அதன் சுளை இரத்தச் சிவப்பாகும், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் மஞ்சட்கருவோடு காய்ச்சினால் அந்தச் சிவப்பு மங்கிப்போகிறது. அதை நான் வெட்டிப் பச்சையாகச் சாப்பிடத்தான் வைப்பேன்.

மிஞ்சுகிற ஐந்து வெள்ளைக்கருவைக் கொட்டாதீர்கள். இரண்டை எடுத்து, 250 கிராம் அரைத்த வாதுமையும் 200 கிராம் அரைத்த சீனியும் கொஞ்சம் எலுமிச்சைத் தோலும் சேர்த்துப் பிசைந்து, பாக்களவு உருட்டி, சீனியில் பிரட்டி, 170 பாகையில் 12 நிமிடம் சுட்டால் சிசிலி வாதுமைப் பிஸ்கட். கலவை இளகினால் இன்னும் கொஞ்சம் வாதுமை சேருங்கள். மற்ற மூன்றையும் மூடி உறைபெட்டியில் வையுங்கள், இன்னொரு நாளைக்கு உதவும்.

டார்ட்டில் ஒரு துண்டு மிஞ்சினால் ஃபிரிட்ஜில் மூடி வைத்து, இரண்டு மூன்று நாளைக்குள் காலையில் பால் கோப்பியோடு சாப்பிடுங்கள். இங்கே க்ரொஸ்தாத்தா காலைச் சாப்பாடும்தான். செய்த பிறகு, வெட்டிய துண்டை ஓரமாகத் திருப்பி அடி தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். இன்னும் வெளிறியிருந்தால் உங்கள் ஓவனில் எத்தனை நிமிடம் கூட்ட வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.